மழை விட்ட பிறகு வரும் ஐந்து நாட்கள்

கேள்வி: வேளச்சேரியில் மூன்று மாடி அடுக்ககம் ஒன்றில் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். 2023 டிசம்பர் மழையில் வீட்டுக்குள் இரண்டடி தண்ணீர் நின்றது. அதுவும் முதலில் வாசல் வழியாக வரவில்லை, பாத்ரூம் ஜாலி வழியாகச் சாக்கடையாக வந்தது. சம்ப் தண்ணீரும் கெட்டுப்போனது. மாமியாருக்கு 74 வயது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார், முட்டிவலியும் உண்டு. மகளுக்கு நான்கு வயது. "வடிகால் கட்டிவிட்டார்கள், இனி வராது" என்கிறார் கணவர். மாமியாரோ வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார். என்ன வாங்கி வைப்பது, எப்போது கிளம்புவது, செம்பரம்பாக்கத்தைத் திறந்தால் எங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?

- ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் பாதிச் சென்னை அந்த ஒரு ஏரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. செம்பரம்பாக்கத்தின் முழு மட்டம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அங்கே திறக்கும் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் சேர்ந்து மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. 2015 டிசம்பர் 1 இரவு விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தபோது மூழ்கியது இந்தக் கரைகள்தான். ஒரு கன அடி 28 லிட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். அடையாற்றுக் கரையில் இருப்பவர்கள் அந்தச் செய்தியைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்தவர்களுக்கு அதுவும் போதாது. ஏரி திறக்காமலேயே, ஆதனூர்ப் பக்கத்திலிருந்து வரும் அடையாற்றின் சொந்த வெள்ளம் அவர்களை முதலில் தொட்டுவிடும்.

நீங்கள் இருப்பது வேறு வடிநிலத்தில். ஆதம்பாக்கம், வேளச்சேரி ஏரிகளின் உபரி, வீராங்கல் ஓடை, சுற்றுத் தெருக்களின் வடிகால் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், பிறகு முட்டுக்காடு வழியாகக் கடல். உங்கள் தெருத் தண்ணீர் வடிவது சதுப்பின் நீர்மட்டத்தையும் கடலின் ஓதத்தையும் பொறுத்தது. யாரும் மதகு திறந்து உங்களுக்குச் சைரன் ஊதப்போவதில்லை. சதுப்பு நிறைந்ததும் தண்ணீர் வந்த வழியே திரும்பும், மெல்லத்தான் ஏறும், ஏறியபின் நாள்கணக்கில் நிற்கும். கணவருக்கான பதிலும் இதில் இருக்கிறது. புதிய வடிகால் தண்ணீரைச் சதுப்பு வரை வேகமாகக் கொண்டுபோகும், சாதாரண மழைக்கு அதனால் நல்ல பலன் உண்டு. ஆனால் போய்ச் சேரும் இடத்தின் மட்டம் உங்கள் தெருவின் மட்டத்துக்கு உயர்ந்துவிட்டால் எவ்வளவு அகலமான வடிகாலிலும் ஓட்டம் நின்றுவிடும்.

ஆகவே நீங்கள் தயாராக வேண்டியது புயல் வீசும் ஒரு இரவுக்காக மட்டும் அல்ல. அதற்குப் பிறகான, மின்சாரம் இல்லாத, குழாய்த் தண்ணீர் வராத, கழிப்பறை பயன்படாத நான்கைந்து நாட்களுக்காக. மிக்ஜாம் புயலின் மழை 2023 டிசம்பர் 4 இரவோடு ஓய்ந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளின் துன்பம் அதற்குப் பிறகுதான் நீண்டது.

அறிவிப்பை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 31 கிலோமீட்டர் காற்று எட்டினால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 51 எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 எட்டினால் புயல், 89க்கு மேல் தீவிரப் புயல். இவை எல்லாம் காற்றின் அளவுகள். மழையைப் பற்றி இவை ஒன்றும் சொல்வதில்லை. 2015 டிசம்பர் 1 அன்று சென்னையில் புயலே கிடையாது. மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே, ஆனாலும் நம் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்துகொண்டே ஊரை நனைத்துவிட்டுப் போனது. எனவே "எங்கே கரையைக் கடக்கிறது" என்பதோடு நிறுத்தாமல், "மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது" என்ற வரியைத் தேடுங்கள். கரைக்கு அருகே வந்து, நகர்வு பத்து கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் உங்களைப் போன்ற தாழ்வான பகுதிக்கு அதுதான் அபாய அறிவிப்பு. அடுத்துப் பார்க்க வேண்டியது மழை அளவு. கனமழை என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ., மிகக் கனமழை 12 முதல் 20, அதி கனமழை 21க்கு மேல். பத்து செ.மீ. மழை ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் மட்டும் சுமார் 22,000 லிட்டரைக் கொட்டும். பெரிய தண்ணீர் லாரி இரண்டு வந்து வாசலில் கவிழ்த்துவிட்டுப் போகிற அளவு. இருபது செ.மீ. என்றால் நான்கு லாரி. தகவலுக்கு நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் அறிக்கையும் டி.என். அலர்ட் செயலியும் போதும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் குரல் பதிவுகளை மழை நின்றபின் கேட்டுக்கொள்ளலாம்.

இனி வீடு. உங்கள் வீட்டில் முதல் எதிரி பாத்ரூம். மழைநீர் பாதாளச் சாக்கடைக்குள் புகுந்து, தெரு மேன்ஹோலில் மட்டம் உயரும்போது, அந்த மட்டத்துக்குக் கீழே இருக்கும் முதல் திறப்பு வழியாகக் கழிவு வெளியே வரும். தரைத்தளத்து ஜாலியும் கழிப்பறைக் கோப்பையும்தான் அந்தத் திறப்பு. வாசலில் எத்தனை மணல் மூட்டை அடுக்கினாலும் இதைத் தடுக்காது. இருக்கும் நிரந்தர வழி ஒன்றுதான்: கட்டடத்தின் கடைசி சேம்பருக்கும் தெரு இணைப்புக்கும் நடுவே, வெளியே மட்டும் போகவிட்டு உள்ளே திரும்பவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் பிளம்பரிடம் சொல்லிப் பொருத்துவது. திறந்து சுத்தம் செய்ய மூடி இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். துணி, நாப்கின் சிக்கினால் மடல் பாதி திறந்தே நின்றுவிடும், வால்வு இருந்தும் பயனில்லை. ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

வால்வு போட்டபிறகு நடக்கும் கூத்து ஒன்று உண்டு. தெருப் பக்கம் அழுத்தம் இருக்கும்வரை வால்வு மூடியே இருக்கும். அந்த நேரத்தில் மேல்மாடிகளில் குளித்து, துவைத்து, ஃபிளஷ் செய்தால் அந்தக் கழிவு போக வழியின்றி உங்கள் வீட்டு ஜாலியில்தான் பொங்கும். ஆகவே இது அடுக்ககம் முழுவதும் பேசி முடிக்க வேண்டிய விஷயம். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் எல்லோரும் வாளிக் கழிப்பறைக்கு மாற வேண்டும்: மூடியுள்ள வாளி, உள்ளே இரட்டைத் தடிமன் குப்பைப் பை, ஒவ்வொரு முறையும் மேலே கைப்பிடி மரத்தூள் அல்லது உலர் மண். கேட்கச் சங்கடமாக இருக்கும். நான்கு நாள் பழுதான கழிப்பறையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

இந்தப் பருவத்துக்குள் வால்வு போட முடியாவிட்டால் தற்காலிக அடைப்பு. ஜாலியைக் கழற்றி, பாலிதீன் சுற்றிய துணிப் பந்தை இறுக்கித் திணித்து, மேலே பாதி நிரப்பிய மணல் மூட்டை வையுங்கள். கழிப்பறைக் கோப்பைக்குள்ளும் பிளாஸ்டிக் பையில் கட்டிய மணல் மூட்டை ஒன்று. வாஷிங் மெஷின் குழாய் போகும் துளையை மறந்துவிடாதீர்கள், பல வீடுகளில் தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான்.

வாசலுக்கு 18 மி.மீ. மரைன் பிளைவுட் பலகை நல்லது. இரு நிலைகளிலும் அலுமினியச் சேனல் திருகி, பலகையின் ஓரத்திலும் அடியிலும் ரப்பர் பட்டை ஒட்டி, மழைநாளில் இறக்கிவிடலாம். உயரம் இரண்டடி போதும். அதற்குமேல் தண்ணீரைத் தடுத்து நிறுத்தினால் வெளியே இருக்கும் அழுத்தம் முழுவதும் சுவரின் மேல் விழும். செங்கல் சுவர் அதற்காகக் கட்டப்பட்டதல்ல. இரண்டடியைத் தாண்டுகிறது என்றால் தண்ணீரை உள்ளே விட்டுவிடுவதுதான் சரி. மணல் மூட்டை அடுக்குவதானால் சாக்கில் பாதிதான் நிரப்ப வேண்டும், வாயை இறுக்கிக் கட்டாமல் மடித்துவிட வேண்டும். முழுக்க நிரப்பிய மூட்டை உருண்டை பிடித்து நிற்கும், இரண்டு மூட்டைக்கு நடுவே கை போகும் அளவுக்குச் சந்து விழும். பாதி நிரப்பியது மிதித்தால் பரந்து படியும். அடியில் பாலிதீன் விரித்து, செங்கல் கட்டுப்போல் இணைப்பு மாற்றி அடுக்குங்கள்.

சம்ப்பைப் பற்றிப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். வெள்ளம் வரும் முன் காலி செய்துவிட்டால் நல்ல தண்ணீர் வீணாகாது என்று நினைக்கிறார்கள். நிலம் ஊறிப்போன நேரத்தில் காலித் தொட்டியை நிலத்தடி நீர் அடியிலிருந்து தூக்கும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும், சிமெண்டுத் தொட்டி என்றால் விரிசல் விடும். நிரப்பி வையுங்கள். மூடியைச் சுற்றிப் பாலிதீன் விரித்து, மேலே மணல் மூட்டை ஏற்றுங்கள். காற்று போகும் குழாய் தரையை ஒட்டி இருந்தால் நான்கடி உயரத்துக்குக் குழாய் சேர்த்து உயர்த்துங்கள். மொட்டைமாடி டேங்கையும் விளிம்பு வரை நிரப்புங்கள். காலி டேங்கைப் புயல் காற்று புரட்டிவிடும், நிறைந்த ஆயிரம் லிட்டர் டேங்க் ஒரு டன் கனம். மின்சாரம் போனபின் உங்களுக்கு இருக்கும் தண்ணீரும் அதுதான். நிரப்பிய கையோடு சம்ப்பிலிருந்து மேலே ஏற்றும் மோட்டாரின் சுவிட்சை அணைத்து, டேப் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் மின்சாரம் வந்த மகிழ்ச்சியில் யாராவது சாக்கடை கலந்த சம்ப் நீரை மேலே ஏற்றிவிடுவார்கள். பிறகு கழுவ வேண்டிய தொட்டி இரண்டாகிவிடும்.

மின்சாரத்தில் ஒரே விதி: காலடி காய்ந்திருக்கும்போதே மெயினை அணைக்க வேண்டும். உங்கள் கட்டடத்தின் மீட்டர் பலகை மாடிப்படிக்குக் கீழே இருந்தால், தண்ணீர் கட்டடத்தின் முதல் படியைத் தொடும்போதே அணைத்தாக வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு மெயினைத் தொடவே கூடாது. அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, அழைத்துத் தெருவிலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்தும் ஷாக் அடித்த வீடுகளில் பெரும்பாலும் காரணம் இன்வெர்ட்டர். மெயினை அணைத்ததும், மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து அது ஃபேன், லைட் லைனுக்குத் தானே மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். அதைத் தனியாக அணைக்க வேண்டும். 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், கடைசி நிமிடத்தில் தூக்க முடியாது. இப்போதே எலக்ட்ரீஷியனை வைத்து மூன்றடி உயர இரும்பு ஸ்டாண்டில் ஏற்றிவிடுங்கள். மீட்டர் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டு மற்ற செலவைக் குறைத்தாவது போடுங்கள்.

லிஃப்ட் இருந்தால் மழை வலுக்கும் முன் மேல்மாடியில் நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லுங்கள். லிஃப்ட் குழியில்தான் தண்ணீர் முதலில் சேரும்.

இனி, எப்போது கிளம்புவது. உங்கள் வீட்டில் இதற்கு இரண்டு பதில்கள். மாமியாரும் குழந்தையும் முந்தைய நாளே, தெரு காய்ந்திருக்கும்போதே போய்விட வேண்டும். சென்னைக்கு அதி கனமழை எச்சரிக்கை வந்து, நகர்வு வேகமும் குறைந்திருந்தால் அன்று மாலைக்குள். முட்டிவலியுள்ள 74 வயதுக்காரரை முழங்கால் தண்ணீரில் நடத்திக் கூட்டிப்போக முடியாது. ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே பெரியவர்களின் காலை வாரிவிடும், ஓரடியில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். படகுக்காகக் காத்திருக்கும் நேரம் உங்கள் கையில் இல்லை. மாமியாரிடம் "வெள்ளம் வரும், கிளம்புங்கள்" என்று சொன்னால் பிடிவாதம்தான் வரும். யார் வீட்டுக்குப் போவது என்று இப்போதே முடிவு செய்து, அவரே விரும்பும் மகள் வீடோ தங்கை வீடோ, மேட்டுப் பகுதியில் மாடி வீடாக இருந்தால், அங்கிருந்தே அழைப்பு வரச் செய்யுங்கள். அவருடைய தலையணை, சாமி படம், கமோட் நாற்காலி மூன்றும் கூடப் போனால் பாதி எதிர்ப்பு கரைந்துவிடும்.

நீங்களும் கணவரும் கடைசி வரை இருக்கலாம், ஆனால் அளவுகோல் வைத்துக்கொண்டு. பெயிண்டால் மூன்று கோடு போடுங்கள். முதல் கோடு தெரு கேட் அடியில்: தண்ணீர் தொட்டால் மின்சாதனங்களை மேலே ஏற்றி, பாத்ரூமை அடைத்து, பலகையை இறக்குவது. இரண்டாவது கட்டடத்தின் முதல் படியில்: மெயின், இன்வெர்ட்டர், கேஸ் ரெகுலேட்டர் மூன்றையும் அணைத்து, உதிரி சிலிண்டரை மிதக்காதபடி ஜன்னல் கம்பியோடு கட்டுவது. மூன்றாவது உங்கள் வாசற்படிக்குக் கீழே நான்கு விரல்: கதவைப் பூட்டிக்கொண்டு மேல்மாடிக்கு. எந்த வீட்டுக்கு என்று இப்போதே பேசி வையுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி அறிமுகம் செய்துகொள்ள வேண்டாம். இந்தக் கோடுகளின் பலன், நள்ளிரவில் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்ற விவாதம் வீட்டில் எழாது. மழையில் தூங்கப் போவதாக இருந்தால் இரண்டு மணிக்கொருமுறை அலாரம் வைத்து முதல் கோட்டைப் பாருங்கள்.

பொருட்கள். ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நான்கு லிட்டர். நான்கு பேர், ஐந்து நாள், எண்பது லிட்டர்: நான்கு கேன். எச்சரிக்கை வந்த அன்று கேன்காரர் வரமாட்டார், அக்டோபரிலிருந்தே இரண்டு கேன் கூடுதலாகச் சுழற்சியில் வைத்திருங்கள். வீட்டு ஆர்.ஓ. கருவி மின்சாரம் இல்லாமல் ஓடாது, இன்டக்‌ஷன் அடுப்பும் அப்படியே. அவல், ரவை, சத்துமாவு, பொரி, வேர்க்கடலை, பேரீச்சை, குழந்தைக்குப் பால் பவுடர். பால் பாக்கெட் வராத நாட்களை 2023-லேயே பார்த்திருப்பீர்கள். பவர் பேங்கில் 10,000 என்று போட்டிருந்தாலும் கைக்குக் கிடைப்பது ஆறாயிரத்துச் சொச்சம்தான், அதாவது இன்றைய போனுக்கு ஒரு முழு சார்ஜும் கொஞ்சமும். ஆளுக்கு ஒன்று வேண்டும். செல்போன் கோபுரங்கள் டீசல் தீர்ந்ததும் அடங்கும். அழைப்பு போகாதபோதும் குறுஞ்செய்தி போகலாம். யு.பி.ஐ.யும் படுத்துவிடும், ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக இரண்டாயிரம் வைத்திருங்கள். மெழுகுவத்தியைவிட பேட்டரி விளக்கு. மாடியில் யாராவது ஜெனரேட்டர் போட்டால் அது திறந்த மொட்டைமாடியில், கதவு ஜன்னலிலிருந்து தள்ளி மட்டுமே ஓட வேண்டும். மாடிப்படியிலோ பால்கனியிலோ ஓடினால் அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் தூக்கத்தில் ஆளைக் கொல்லும்.

இன்சுலினைப் பற்றிப் பயம் வேண்டாம். திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் பெரும்பாலான குப்பிகளும் பேனாக்களும் அறைவெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும், உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று அட்டையில் பாருங்கள். திறக்காதவைதான் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் குப்பிகளை நீர் புகாத டப்பாவில் வைத்து, ஈர மணல் நிரப்பிய பெரிய மண்பானைக்குள் சிறு மண்பானை ஒன்றைப் பதித்து, அதில் இறக்குங்கள். ஐஸ் கட்டியின் மேல் நேராக வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலின் கரைந்தாலும் பயன்படாது. அவர் கிளம்பும்போது பத்து நாளுக்கான மருந்து, ஊசி, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், மருந்துச் சீட்டு, கூடவே குளுக்கோஸ் பொட்டலம். சர்க்கரை நோயாளியின் பாதம் வெள்ளநீரில் படவே கூடாது. சின்னக் கீறல் போதும், புண்ணாகிவிடும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம். 2016 டிசம்பர் 12 வர்தா போலப் புயல் நேராக ஊருக்குள் கடந்தால், மையப் பகுதி மேலே வரும்போது காற்று சட்டென்று அடங்கும். முடிந்தது என்று எண்ணி வெளியே வருபவர்கள், சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அறையும் காற்றில் மாட்டுவார்கள். முதல் பாதியில் வேர் தளர்ந்த மரங்கள் இரண்டாம் பாதியில் சாயும். கடந்துவிட்டது என்று அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருங்கள். பால்கனித் தொட்டி, துணிக்கொடிக் கம்பி, டிஷ் ஆண்டெனா, தகர ஷீட் எல்லாம் முந்தைய நாளே இறங்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறிபோல் டேப் ஒட்டுவது வீண். கண்ணாடி உடைந்தால் பெரிய துண்டுகளாக விழும், அவ்வளவுதான். திரைச்சீலையை மூடி, ஜன்னலை விட்டுத் தள்ளிப் படுங்கள்.

வெளியே போயே ஆக வேண்டுமென்றால் கையில் நீளமான உலர் மூங்கில் குச்சி. அடி வைக்கும் முன் தரையைத் தட்டிப் பாருங்கள், தண்ணீர் அழுத்தத்தில் மேன்ஹோல் மூடிகள் நகர்ந்திருக்கும். தெருத் தண்ணீர் வடியட்டும் என்று நீங்களாக மூடியைத் திறப்பது பக்கத்துத் தெருக்காரருக்குக் குழி வெட்டுவது. மின்கம்பம், ஸ்டே கம்பி, ஈ.பி. பெட்டி பக்கம் போகவே வேண்டாம், தண்ணீரில் கால் வைத்ததும் சுரீரென்றோ மரத்துப்போவது போலவோ இருந்தால் வந்த வழியே திரும்புங்கள். பழைய மதில் சுவரை ஒட்டி நடக்காதீர்கள். அடித்தளம் ஊறிய மதில் சத்தமில்லாமல் சாயும்.

கார் இருந்தால் முந்தைய நாளே மேட்டுக்கு. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அக்கம்பக்கத்தில் பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் இருந்தால் அது இன்னும் நல்லது. மூழ்கிய வண்டியை எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் சுருங்காது, பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெறும் தண்ணீர் சேதம் எஞ்சின் சேதமாகிவிடுவதோடு, எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இல்லாத காப்பீட்டில் பெரும்பாலும் பணமும் கிடைக்காது. மின்சார ஸ்கூட்டர் மூழ்கியிருந்தால் சார்ஜ் போடாமல், கட்டடத்தை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்தி சர்வீஸ்காரரை அழையுங்கள்.

வடிந்த பிறகு. கதவைத் திறந்ததும் சுத்தம் செய்யத் தொடங்காமல், சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள், பொருட்களின் சீரியல் எண்ணோடு. காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் அந்தக் கோடுதான் சாட்சி. மெயினை நீங்களாகப் போடாதீர்கள். எலக்ட்ரீஷியன் மெகர் (வயரின் காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு லைனாக அளக்க வேண்டும், ஒரு மெகா ஓம்முக்குக் குறைவாகக் காட்டும் லைன் காயும்வரை காத்திருக்க வேண்டும். நனைந்த எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டையும் காயவைத்துப் போடக் கூடாது, மாற்ற வேண்டும். ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிக்கொண்டே இருந்தால் "பைபாஸ் பண்ணித் தர்றேன் சார்" என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள்.

ஷூவுக்குள், கேஸ் அடுப்புக்கு அடியில், மடித்த பாய்க்குள் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். சதுப்பை ஒட்டிய பகுதியில் பாம்பு வராமல் இருக்காது. கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து 108-ல் அரசு மருத்துவமனைக்கு. பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக நேரம் செலவிடாதீர்கள்.

தரையைச் சோப்பு போட்டுக் கழுவியபின் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: பாத்ரூமுக்கு ஊற்றும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பயன்படுத்தினால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் மூச்சு முட்டும். நனைந்த பஞ்சு மெத்தையைக் காயவைத்து வைத்துக்கொள்ளாதீர்கள், தூக்கிப்போடுங்கள்.

சம்ப்பைச் சுற்றுப்புறத் தண்ணீர் நன்றாக இறங்கிய பிறகே காலி செய்ய வேண்டும், காரணம் முன்பு சொன்னதுதான். அதுவரை லாரித் தண்ணீரை டிரம்மில் வாங்குங்கள், மெட்ரோ வாட்டர் எண் 1916. சேற்றை அள்ளத் தனியாக யாரையும் உள்ளே இறக்காதீர்கள். மூடியிருந்த சம்ப்பில் நச்சு வாயு இருக்கலாம், ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்த செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. கருவிகளோடு வரும் ஆட்களிடம் விடுங்கள். கழுவியபின் தொட்டியை நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர், அதாவது 6,000 லிட்டர் சம்ப்புக்கு 900 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு முழு நாள் விட்டு, அதே நீரை மேல் டேங்குக்கும் குழாய்களுக்கும் ஏற்றி அலசி வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். அந்த நீர் குடிக்க அல்ல, குளிக்கவும் அல்ல. அதன்பின் வழக்கமான அளவு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம், ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். போன வருடம் பிரித்து வைத்த பிளீச்சிங் பவுடரில் வாசனைதான் மிச்சமிருக்கும், குளோரின் இருக்காது. குடிநீரை ஒரு மாதமாவது நன்றாகக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

வெள்ளநீரில் நடந்தவர்களுக்கு அடுத்த இரண்டு, மூன்று வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் "வெள்ளத்தில் நடந்தேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். உங்களுக்கும் கணவருக்கும் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லையென்றால் இந்த மாதமே கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். மாநகராட்சி 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, அவசர உதவி 112. இவற்றைப் போனில் சேமிப்பதோடு, மாமியாரின் பையில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதியும் வையுங்கள். அவர் போன் எப்போதும் சார்ஜில்லாமல்தான் இருக்கும்.